மூன்றாம் மாடிக் கதவுக்காக

என் கணவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று மாலை, எங்கள் வீட்டில் முதல் ஜெபத்தைச் செய்தவர் அவரைக் கொன்ற லிஃப்டுக்குப் பொறுப்பாளர்.

அப்போது யாரும் அதை விநோதமாக நினைக்கவில்லை. நான் எதையும் நினைக்கும் நிலையில் இல்லை. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். யாரோ என் கையில் தண்ணீர் டம்ளரைத் திணித்திருந்தார்கள். அது சாய்ந்து மடியில் சிந்திக்கொண்டிருந்தது. அவர் கூடத்தின் நடுவில் முழங்காலிட்டு, கண்களை இறுக மூடி, கனத்த குரலில், "பரம தகப்பனே, உம்முடைய சித்தத்தை எங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை" என்று தொடங்கினார். சொல்லும்போதே அழுதார். அந்தக் கண்ணீர் உண்மையானது. பொய் அழுகையாக இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு கோபம் வராது.

அவர் துணிக் கிடங்கின் மேலாளர். எங்கள் சின்ன சபையில் மூப்பர். சபையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். கிடங்கில் எல்லோருக்கும் மேனேஜர். என் கணவருக்கு இரண்டுமாக இருந்ததால், "மேனேஜர் அண்ணன்" என்பார். நானும் அப்படியே பழகிக்கொண்டேன்.

முன்பு என் கணவர் வேலை பார்த்த கடையை மூடியபோது எங்களுக்கு மிக மோசமான ஒரு காலம் வந்தது. அதே சமயத்தில் என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வீட்டில் மூன்று பெரியவர்கள், ஒரு வருமானமும் இல்லை. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் தற்காலிகமாகத் தட்டச்சு வேலைக்குப் போனேன். அப்போதுதான் சபையிலிருந்து வாரம் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வரத் தொடங்கினார்கள். பாஸ்டர் வருவார். மேனேஜர் அண்ணனும் அவர் மனைவியும் வருவார்கள். அந்த அண்ணி வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் எப்போதும் உட்காருவார். பாடும்போது மட்டும்தான் அவருக்குக் குரல் இருப்பதே தெரியும். அந்த மாலைகள்தான் எங்களைப் பிடித்து நிறுத்தின. அதை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் நெஞ்சை அடைத்த பயம், அவர்கள் வந்துபோன நாளில் கொஞ்சம் இறங்கியது. பிறகு மேனேஜர் அண்ணனே கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் கேட்டது கிடைத்தது. என் கணவர் அன்றைக்குச் சின்னப் பையனைப் போல் அழுதார்.

எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. அதை வகுத்தவர் மேனேஜர் அண்ணன். முதலில் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். உடம்பு, வேலை, பிள்ளைகளின் படிப்பு, எது வேண்டுமானாலும். ஒவ்வொரு குறிப்பையும் ஒருவர் பொறுப்பெடுத்து வாய்விட்டு ஜெபிப்பார். கேட்டது கிடைக்கும்வரை வாராவாரம் அதே ஆள்தான் அதற்கு ஜெபிக்க வேண்டும். கிடைத்தபிறகு, அதே ஆள்தான் எல்லோர் முன்பாகவும் நன்றியாக ஸ்தோத்திரம் சொல்லி அதை முடித்துவைக்க வேண்டும். "கேக்கும்போது இருக்கிற வாய், கிடைச்சப்புறம் எங்க போச்சுன்னு ஆண்டவர் கேக்கக் கூடாது" என்பார் அண்ணன். அது நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

முழங்காலிடுவதற்கு முன் அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தைக் கழற்றி, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைப்பார். குத்துகிறது என்பார். அந்தச் சாவிக்கொத்து வாராவாரம் எங்கள் மேசையில் கிடந்தது.

என் கணவரைக் கிடங்கில் "ஆமென்" என்று கூப்பிடுவார்கள். யார் என்ன சொன்னாலும் அவர் பதில் அதுதான். "மழை வரும்போல இருக்கே?" "ஆமென்." "இன்னிக்கு கூடுதல் வேலை இருக்கு." "ஆமென்." என் மாமியாருக்கு இது பிடிக்காது.

"எல்லாத்துக்கும் தலையாட்டாதேடா. ஒருத்தன் உன் தலையைக் கேட்டாலும் ஆமென்னு குடுத்துடுவ போல."

"நீ கேட்டா குடுப்பேன்மா."

"எனக்கெதுக்கு அது? உள்ள ஒண்ணும் இல்லாத மண்டை."

இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அம்மாவின் இடுப்புக்குத் தைலம் தேய்த்து, மறுபடி நடக்கவைத்தவர் அவர்தான்.

அவருக்கு வேலை மூன்றாம் மாடியில். துணிச்சுருள்களை வண்டியில் அடுக்கி, சரக்கு லிஃப்டில் ஏற்றிக் கீழே அனுப்ப வேண்டும். லிஃப்டின் வாசலில் ஒரு சின்ன மேடு இருந்தது. தள்ளினால் சக்கரம் அதில் முட்டிக்கொள்ளும். அதனால் எல்லோரும் வண்டியை முன்னால் நின்று இழுத்தபடி, பின்பக்கமாக நடந்து லிஃப்டுக்குள் போவார்கள்.

லிஃப்ட் வந்து நின்றால்தான் மாடிக் கதவு திறக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது. இதற்கென்று கதவில் ஒரு பூட்டு உண்டு. மூன்றாம் மாடிக் கதவில் அந்தப் பூட்டு தேய்ந்துவிட்டது. சரியாகப் பிடிக்காததால் லிஃப்ட் அடிக்கடி பாதியில் நின்றது. சரக்கு தேங்குகிறது என்று பூட்டைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு லிஃப்ட் நிற்கவே இல்லை. கதவும், லிஃப்ட் எங்கே இருந்தாலும் திறந்தது.

என் கணவர் இதைச் சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து மூடிக் காட்டி எனக்கு விளக்கினார். "திறந்தா சில நேரம் லிஃப்ட் இருக்கும், சில நேரம் இருட்டு இருக்கும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எழுதிக் குடுங்களேன்."

"யாருக்கு? மேனேஜருக்கு. மேனேஜர் யாரு? அண்ணன். நம்ம கூடத்துல உக்காந்து டீ குடிக்கிற மனுஷனுக்கு நான் மனு எழுதணுமா?"

"அப்போ அவருக்கு மேல இருக்கிறவங்களுக்கு எழுதுங்க."

"அது அண்ணன் மேலயே புகார் குடுத்த மாதிரி ஆயிடும். வேலை வாங்கிக் குடுத்தவர். சபைக்குள்ள அண்ணன் தம்பி அப்படிச் செய்வாங்களா? நான் ஜெபக் குறிப்பா சொல்லிடறேன். ஆண்டவர் காதுலயும் விழும், அண்ணன் காதுலயும் விழும்."

அந்த வாரம் அவர் அப்படியே சொன்னார். "மூணாவது மாடி லிஃப்ட் கதவுக்காக ஜெபிச்சுக்கணும். பூட்டு தேஞ்சுபோச்சு, கம்பி வச்சுக் கட்டியிருக்கு. பயமா இருக்கு."

மாமியார் உடனே, "லிஃப்டுக்கு எதுக்குடா ஜெபம்? அது எப்ப ஞானஸ்நானம் வாங்குச்சு?" என்றார்.

பாஸ்டர் சிரித்தார். மேனேஜர் அண்ணனும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "இதை நான் எடுத்துக்கறேன் தம்பி. இது என் பாரம்" என்றார். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு முழங்காலிட்டார்.

"கிருபையுள்ள ஆண்டவரே, மூன்றாம் மாடிக் கதவின் பூட்டை நீர் அறிந்திருக்கிறீர். அது தேய்ந்திருப்பதை அறிந்திருக்கிறீர். புதிய பூட்டு வாங்கித் தரும்படி தலைமை அலுவலகத்தில் உள்ளவர்களின் இருதயத்தை இளகச் செய்யும். அதுவரை உம்முடைய பிள்ளைகளை உம் சிறகுக்குள் மறைத்துக்கொள்ளும்."

"ஆமென்" என்றார் என் கணவர். மற்றவர்களைவிடச் சத்தமாக.

வாராவாரம் அந்த ஜெபம் நடந்தது. அடைமழைக் காலம் முழுக்க நடந்தது, வெயில் வந்த பிறகும் நடந்தது. மாமியார்கூட அதைக் கேலி செய்வதை விட்டுவிட்டார். வார்த்தைகள்கூட மாறவில்லை. எனக்கு அது மனப்பாடம்.

அந்த நாள் காலை பத்து மணி வாக்கில், நன்றாக வெளிச்சம் இருந்தபோது, என் கணவர் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தார். லிஃப்ட் அங்கே நின்றது. பார்த்தார். திரும்பி வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, முதுகைக் காட்டியபடி இழுக்கத் தொடங்கினார். அதற்குள் கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். அழுத்தியவர்மேல் தவறில்லை, கதவு திறந்திருந்தால் லிஃப்ட் வராது என்றுதான் உலகத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். லிஃப்ட் இறங்கிப் போயிற்று. என் கணவர் இழுத்துக்கொண்டே போனார்.

அவர் பார்த்தார் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அடுத்த வண்டியோடு பின்னால் நின்ற நரைத்த மீசைக்காரர் ஆஸ்பத்திரி நடையில் என்னிடம் சொன்னது அது. "லிஃப்ட் இருந்துச்சும்மா. நானும் பார்த்தேன். திரும்பறதுக்குள்ள..." என்று கையை மட்டும் கீழே இறக்கிக் காட்டினார். மறுவாரம் அதே மனிதர் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கும் வேலை வேண்டும்.

எத்தனையோ மாதமாக வராத அந்தப் புதுப் பூட்டு, என் கணவர் விழுந்த அன்று மாலைக்குள் வந்துவிட்டது. தலைமை அலுவலகத்தில் யாருடைய இருதயமும் இளக வேண்டியிருக்கவில்லை. யாரோ ஒருவர் கடைக்குப் போனார், வாங்கினார், நான்கு திருகாணிகளைப் போட்டு முடுக்கினார். கம்பி குப்பைக்குப் போயிற்று. தொழிற்சாலை ஆய்வாளர் வந்தபோது மூன்றாம் மாடிக் கதவு எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் மேனேஜர் அண்ணன் எங்கள் கூடத்துக்கு வந்து, ஆண்டவருடைய சித்தம் புரியவில்லை என்று அழுதார்.

ஆய்வாளர் ஒரு பெண். என்னைவிட இளையவர். விசாரணைக்காக வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மாமியாருக்கு வணக்கம் சொல்லி, நான் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"உங்க வீட்டுக்காரர் கதவை பலவந்தமா திறந்துட்டு, பின்னால பார்க்காம நடந்துட்டார்னு சொல்றாங்க. அறிக்கையில கவனக்குறைவுன்னுதான் போட வேண்டியிருக்கும்."

"யார் சொன்னாங்க?"

"மேனேஜர். கதவைப் பத்தி யாருமே தன்கிட்ட எந்தக் குறையும் சொன்னதில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

மாமியார் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். கவனக்குறைவு. தெருவைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிற மனிதர். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற மனிதர். அவர் சாவுக்கு அந்த வார்த்தையைப் போடப் போகிறார்கள். அதுவே அவரைப் பற்றிய கடைசி வார்த்தையாக எங்கோ ஒரு அலுவலகத்தில் இருக்கப் போகிறது.

"அவர் எப்பவாவது குறை சொல்லியிருக்காரா? எழுதிக் குடுத்திருக்காரா?"

"எழுதல. சொல்லியிருக்கார். வாராவாரம்."

"எங்க?"

"இதே இடத்துல. ஜெபத்துல."

அவர் பேனாவை நிறுத்தினார். "ஜெபத்துலன்னா, கடவுள்கிட்டயா?"

"கடவுள்கிட்டயும் மேனேஜர்கிட்டயும். ரெண்டு பேரும் இந்தக் கூடத்துலதான் இருந்தாங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார். சிரிக்கவில்லை. அந்தச் சாவிக்கொத்தைப் பற்றி நான் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். லிஃப்டுக்கு மின்சாரத்தை நிறுத்தும் பெட்டியின் சாவி அந்தக் கொத்தில்தான் இருக்கிறது என்றும், அதைத் திருப்ப மேனேஜருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "நீங்களும் அவங்க அம்மாவும் சொன்னா, குடும்பம் அப்படித்தான் சொல்லும்பாங்க. வேற யாராவது சொல்லணும்" என்றார்.

பாஸ்டரிடம் போனேன். சபைக் கட்டடத்தின் பின்னறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இடுப்பு உடைந்த மாமியாரை ஆஸ்பத்திரிப் படியில் தூக்கிச் சுமந்தவர்.

"அம்மா, ஜெபத்துல பேசினது ஆண்டவருடைய சமூகத்துல பேசினது. அதை நான் வெளியில கொண்டுபோய் சாட்சி சொன்னா, நாளைக்கு யாரு மனசைத் திறந்து ஜெபக் குறிப்பு சொல்லுவாங்க?"

"பாஸ்டர், என் வீட்டுக்காரர் மனசைத் திறந்துதான் சொன்னார். அதுக்கு என்ன கிடைச்சுது பாத்தீங்களா?"

"அண்ணன் பயந்துபோயிருக்கார்மா. கெட்டவர் இல்ல. நீங்க மன்னிக்கணும். கோபத்தை மனசுல வச்சிருந்தா அது உங்களைத்தான் அரிக்கும்."

"அரிச்சா அரிக்கட்டும். பூட்டு தேயற வரைக்கும் எல்லாரும் பொறுமையா இருந்தீங்க, நான் தேயறதுக்குள்ள என்ன அவசரம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் நாற்காலி ஒன்றை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். அதற்கு முன் என் வாழ்நாளில் எந்த நாற்காலியையும் உதைத்ததில்லை.

அடக்கத்துக்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை. வாயைத் திறந்தால் "நீர் அறிந்திருக்கிறீர்" என்ற அந்த வரிதான் வந்தது. அறிந்திருந்தீர், அப்புறம்? பாஸ்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லாம் சேர்ந்து வெடித்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"உமக்கென்ன காது கேக்காதா? வாராவாரம் கேட்டாரே அந்த மனுஷன். வீடு கேட்டாரா, காரு கேட்டாரா? ஒரு பூட்டு கேட்டார். உள்ளங்கை அளவு பூட்டு. சிறகு சிறகுன்னு சொன்னாங்களே, எங்க போச்சு அந்தச் சிறகு? ஒருத்தரும் உம்மகிட்டச் சொல்லலன்னு நீரும் கையெழுத்துப் போடுவீரா?"

கடைசிக் கேள்வியைக் கேட்ட பிறகு நான் நின்றுவிட்டேன். கையில் சோப்பு நுரையோடு நின்றேன். ஆண்டவர் கையெழுத்துப் போடமாட்டார். அது மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தக் கூடத்தில் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று சொல்லாதவர் அவர் ஒருவர்தான். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என் கணவரின் ஜெபத்துக்குப் பதில் வராமல் போகவில்லை. பதில் அன்றைக்கே வந்து, சாவிக்கொத்தோடு எங்கள் கூடத்தில் முழங்காலிட்டிருந்தது. பூட்டை மாற்றக்கூடிய ஒரே மனிதரின் காதில் அந்த விண்ணப்பம் விழுந்தது. அவர் வாயாலேயே வாராவாரம் சொல்லவும்பட்டது. அவரோ அதை மேலே பார்த்து அனுப்பிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

இது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது.

மாமியார் கைத்தடியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "யாரோடம்மா சண்டை?"

"ஆண்டவரோட, அத்தை."

"போடு. நல்லாப் போடு. நானும் காலையிலேர்ந்து அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். பாத்திரத்தை மட்டும் உடைச்சிடாத, வாங்கித் தர ஆளில்ல."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். பிறகு நான் கையைத் துடைத்துக்கொண்டு பாஸ்டருக்குத் தொலைபேசினேன். நின்றுபோன ஜெபக் கூட்டத்தை இந்த வாரம் எங்கள் வீட்டில் மறுபடி வைக்க வேண்டும், பழைய ஆட்கள் எல்லோரும் வர வேண்டும் என்றேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

எல்லோரும் வந்தார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அண்ணி வழக்கமான நாற்காலியில் வாசலோரம் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். மேனேஜர் அண்ணன் என் கணவர் உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். பழக்கம்; சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் தேநீர் கொடுத்தேன். சர்க்கரை போட்டேன். என்னால் எப்படி முடிந்தது என்று தெரியவில்லை.

பாஸ்டர் ஜெபக் குறிப்புகளைக் கேட்டார். மாமியார், "எனக்கு இடுப்பு வலி" என்றார். அண்ணி தலையை ஆட்டி, ஒன்றும் இல்லை என்றார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல, பாஸ்டர். பழைய குறிப்பு ஒண்ணு முடிக்காம கிடக்கு. மூணாவது மாடிக் கதவு."

மேனேஜர் அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது எதுக்கு இப்போ, தங்கச்சி? முடிஞ்சுபோனது."

"முடியலண்ணா. அதை உங்க பாரம்னு எடுத்துக்கிட்டீங்க. மாசக்கணக்கா ஜெபிச்சீங்க. இப்போ பதில் வந்தாச்சு. புதுப் பூட்டு போட்டாச்சு. கிடைச்சப்புறம் கேட்ட ஆள்தான் ஸ்தோத்திரம் சொல்லணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. சொல்லுங்க. நாங்க ஆமென் சொல்றோம்."

"தங்கச்சி..."

"சொல்லு தம்பி" என்றார் மாமியார். "கேக்கும்போது வாய் நல்லாத்தானே இருந்துச்சு."

பாஸ்டர் குறுக்கிட வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே முதலில் முழங்காலிட்டார். எல்லோரும் முழங்காலிட்டோம். மாமியார் மட்டும் நாற்காலியிலேயே தலை குனிந்தார். நான் கண்களை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிருபையுள்ள ஆண்டவரே" என்று தொடங்கினார். அந்தக் கனத்த குரல் அப்படியே இருந்தது. "இந்தக் குடும்பத்துக்கு நீர் ஆறுதலாக..."

"கதவு" என்றார் மாமியார், தலையை நிமிர்த்தாமலே.

"கிருபையுள்ள ஆண்டவரே. மூன்றாம் மாடி..."

அதோடு நின்றுவிட்டது. அவர் உதடுகள் அசைந்தன. ஸ்தோத்திரம் சொன்னால், கேட்டேன் என்று ஆகும். கேட்டேன் என்றால், அறிந்திருந்தேன் என்று ஆகும். அறியவில்லை என்று சொல்லலாம்; ஆய்வாளரிடம் அதைத்தான் சொன்னார். ஆனால் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அவர் விசுவாசி. நான் எந்தக் காலத்திலும் அதைச் சந்தேகித்ததில்லை. அவருடைய விசுவாசத்தை நம்பித்தான் அவரைக் கூப்பிட்டேன். கழுத்தில் வேர்வை வழிந்தது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். நான் காத்திருந்தேன். ராத்திரி முழுக்கக்கூடக் காத்திருந்திருப்பேன்.

அப்போது வாசல் பக்கமிருந்து பாடும்போது மட்டும் கேட்கும் அந்தக் குரல் வந்தது.

"ஆண்டவரே, மூன்றாம் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. ஸ்தோத்திரம் சொல்ல எங்களுக்கு வாயில்லை. அது தேய்ந்திருந்ததை நீர் அறிந்திருந்தீர்." அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டார். "நாங்களும் அறிந்திருந்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் நான் கேட்பேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இவர் சொல்வார். நானும் விட்டுவிட்டேன். நாங்கள் அறிந்திருந்தோம், ஆண்டவரே."

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் இல்லை. மேனேஜர் அண்ணன் முழங்காலிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அன்றைக்கு அழாததற்காக அவரை நான் கொஞ்சம் மதித்தேன்.

அவர்கள் கிளம்பும்போது மாமியார் மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "மறந்துட்டுப் போகாத தம்பி. கனமா இருக்கு."

பாஸ்டர் கடைசியாகக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குக் காலையில ஆய்வாளரம்மாவைப் பார்க்கப் போறேன்" என்றார். போனார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆய்வாளர் மேனேஜரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டாராம். அவர் இந்த முறை மறுக்கவில்லை. கவனக்குறைவு என்ற சொல் அறிக்கையில் இருக்கிறது. ஆனால் அது என் கணவர் பெயருக்குப் பக்கத்தில் இல்லை, கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மன்னித்துவிட்டாயா என்று சபையில் கேட்கிறார்கள். அதை ஜெபக் குறிப்பாக வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். கிடைத்தால் நானே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வேன். இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் நான் தினமும் ஜெபிக்கிறேன். பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது, பெரும்பாலும் கோபத்தோடு. ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் கோபத்தைத் தாங்கக்கூடியவர் வேறு யாரும் எனக்கு மிச்சமில்லை.

கிடங்கில் என் கணவரின் டிபன் டப்பாவும் ஒரு பழைய ஸ்வெட்டரும் இருந்தன. அவற்றை வாங்கப் போனேன். புதிய மேலாளர் மரியாதையாகக் கூட்டிப்போனார். மூன்றாம் மாடியில் அவர் பொருட்களைத் தேடப் போனபோது நான் அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக நின்றேன். பூட்டு புதிதாகப் பளபளத்தது. என் உள்ளங்கையைவிடச் சின்னது. கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். திறக்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, என் முழு பலத்தோடும் இழுத்தேன். கதவு அதிர்ந்தது. திறக்கவில்லை. இவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, கொஞ்சம் வழி விடறீங்களா?"

நரைத்த மீசைக்காரர். வண்டி நிறையத் துணிச்சுருள்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விலகினேன். கீழிருந்து லிஃப்ட் ஏறி வந்து நின்றது. பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, முதுகைக் காட்டியபடி இழுக்கத் தொடங்கினார்.

அவரும் வண்டியும் முழுவதுமாக உள்ளே போகிறவரை நான் அங்கேயே, கதவை மூடவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.